ஒரே மொழி, வேறு வேறு பள்ளி

(வாவிக்கரை ஊரொன்றில் ஆசிரியரும் உழவரும் பிற தொழில் புரிவோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க நாட்டிலே கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் அமர்த்தும் பொருட்டுப் பஸ்வண்டிகளில் ஏற்றி இடம்விட்டு இடம் கொண்டுசென்ற வரலாற்றை எடுத்துரைக்குமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். "அவர்கள் கதை நமக்கு எதற்கு?" என்று அன்பர் சிலர் கேட்டனராம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறிய பின்னரே அமெரிக்காவுக்குப் போவோம்.

விடை நம் நிலப்படத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. பெரிய கல்லூரிகளும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். நெல் விளையும் வட்டைகள் படுவான்கரையில். எழுவான்கரையிலோ, இருநிற மணிகளைக் கோத்த மாலைபோலத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. நாவற்குடாவை அடுத்துக் காத்தான்குடி, அதனை அடுத்து ஆரையம்பதி. இன்னும் தெற்கே சென்றால் மருதமுனை, பாண்டிருப்பு, பின்னர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றையது எங்கே தொடங்கியது என்று வழிப்போக்கனுக்குத் தெரியாது. இரு ஊரிலும் வீட்டு மொழி தமிழ். சமயபாடம் நீங்கலாகப் பிள்ளைகள் படிக்கும் பாடநூல் ஒன்று. எழுதும் பரீட்சைத் தாள் ஒன்று. குடிமுறையும் தாய்வழி உரிமையுங்கூட இரு சமூகத்தாருக்கும் பொது. ஒரே குளத்து நீருக்கு இரு சமூகத்து உழவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து விதைப்புக்கு நாள் குறிக்கின்றனர். பிள்ளைகள் படிக்கும் பள்ளி மட்டும் வேறு வேறு.

ஆகவே, பிரிந்திருக்கும் பள்ளிகளை என் செய்வது என்பது கடல்கடந்த நாட்டின் கதையன்று. அந்நாட்டார் ஒரு வழியைத் துணிந்து கையாண்டு, சில இடங்களில் வென்று, பல இடங்களில் தோற்றனர். எதனால் வென்றனர், எதனால் தோற்றனர் என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

தென் கரோலைனா மாநிலத்திலே கிளாரண்டன் என்றொரு மாவட்டம். பருத்தி விளையும் நாட்டுப்புறம். 1940களில் அங்கே வெள்ளையினப் பிள்ளைகளுக்காக 30 பள்ளிப் பஸ்வண்டிகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் மைல்கணக்காக நடந்தனர். அணை கட்டியதனால் உண்டான மரியன் ஏரியின் நீர் பெருகி வழியை மூடும் காலத்தில், ஓடமேறித் துடுப்பு வலித்துப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் உண்டு. குறுமண்வெளித் துறையிலும் அம்பிளாந்துறையிலும் தோணிக்கும் பாதைக்கும் காத்து நின்று பழகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அவ்வூர்ப் பெற்றோர் தாமே பணம் திரட்டிப் பழைய பஸ்வண்டியொன்றை வாங்கினர். அது அடிக்கடி பழுதாயிற்று. எண்ணெய்ச் செலவையாவது தாருங்கள் என்று கல்விச்சபையைக் கேட்டனர், அதுவும் மறுக்கப்பட்டது. ஜோசப் டிலெய்ன் என்னும் போதகர் ஊக்கமளிக்க, லீவை பியர்சன் என்னும் உழவர் தம் பிள்ளைகளுக்காக 1948இல் வழக்குத் தொடுத்தார். அவருடைய காணி இரு பள்ளி வட்டாரங்களின் எல்லைக்கோட்டின்மேல் கிடந்தது. அவர் வரி செலுத்துவது எந்த வட்டாரத்துக்கு என்னும் நுணுக்கத்தைக் காட்டி வழக்கைத் தள்ளிவிட்டனர். தண்டனை அத்தோடு முடியவில்லை. விதைக்கும் பசளைக்கும் அவருக்குக் கடன் கொடுப்பார் இல்லை. விளைந்ததை அறுக்க இயந்திரம் வாடகைக்குத் தருவாரும் இல்லை. வேளாண்மை செய்யும் பெரியோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். அறுவடைக் காலத்தில் ஊரே கைவிட்டால் ஒருவன் நிலை என்னவாகும் என்பதை எம்மிலும் நீங்களே நன்கறிவீர்கள்.

ஆயினும் கிளாரண்டன் மக்கள் பின்வாங்கவில்லை. அடுத்த முறை அவர்கள் பஸ் வேண்டுமென்று கேட்கவில்லை. பிரித்து வைக்கும் முறையே தவறென்று வழக்காடினர். அவ்வழக்கின் முதற் பெயருக்குரிய ஹரி பிரிக்ஸ் என்பவரும் அவர் மனைவியும் வேலையை இழந்தனர். டிலெய்ன் போதகரின் வீடு எரிந்தது. பின்னர் அவருடைய தேவாலயமும் எரிந்தது. அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது.

அதே காலத்தில், கன்சாஸ் மாநிலத்து டொபீக்கா நகரிலே லிண்டா பிரவுண் என்றொரு சிறுமி இருந்தாள். வெள்ளையினப் பள்ளி அவள் வீட்டிலிருந்து ஏழு தெரு தூரத்தில் இருந்தது. அவளோ இருப்புப்பாதையைக் கடந்து நடந்து, பஸ்ஸேறித் தொலைவிலுள்ள கறுப்பினப் பள்ளிக்குச் சென்றாள். பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பஸ் ஓடியதைப் பற்றி உலகம் பெரிதாகப் பேசுகிறது. அதற்கு முன்னரே பிள்ளைகளைப் பிரிப்பதற்காகப் பஸ் ஓடியது. அதைப்பற்றி அன்று எவரும் கூக்குரலிடவில்லை.

இவ்விரு வழக்குகளும் வேறு மூன்றும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு, 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1896 முதல் அந்நாட்டுச் சட்டம் 'வேறாயினும் சமம்' என்று கூறிவந்தது. பிரிப்பு என்பதே சமமின்மை என்று தலைமை நீதியரசர் ஏர்ல் வாரனும் உடனிருந்த நீதியரசர் எண்மரும் ஒரே குரலில் தீர்த்தனர். தீர்ப்பு வந்தது; மாற்றம் வரவில்லை. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவரைப் பள்ளிக்குள் அனுப்ப ஜனாதிபதி ஐசன்ஹோவர் படையை ஏவவேண்டியதாயிற்று. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டிவைத்தது. தீர்ப்புக்குப் பத்தாண்டு கழித்தும், தென் மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளில் வெள்ளையினத்தார் பெரும்பான்மையாயுள்ள பள்ளிகளில் படித்தோர் நூற்றுக்கு இருவர் அளவினரே.

அப்போதுதான் பஸ் வந்தது. வட கரோலைனாவின் சார்லட் நகர வழக்கிலே, பிரிந்த பள்ளிகளைச் சேர்ப்பதற்குப் பஸ்வண்டியையும் ஒரு கருவியாக ஆளலாம் என்று உயர் நீதிமன்றம் 1971 ஏப்ரல் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்பிலேயே ஒரு கணக்கு உண்டு: 1969–70இல் அந்நாட்டின் பொதுப் பாடசாலைப் பிள்ளைகளில் 1 கோடியே 80 இலட்சம் பேர், அதாவது 39 சதவீதத்தினர், ஏற்கெனவே பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போய்வந்தனர். பஸ் பயணம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அதன்பின் எழுந்த கூச்சலை இக்கணக்கோடு வைத்துப் பார்த்தால், வெறுக்கப்பட்டது பயணமா, சேருமிடமா என்பது விளங்கும்.

சார்லட் நகரில் வெள்ளையினப் பகுதிப் பிள்ளைகளும் சில ஆண்டுகள் பஸ்ஸேறினர், கறுப்பினப் பகுதிப் பிள்ளைகளும் சில ஆண்டுகள் ஏறினர். நகரமும் புறநகரும் ஒரே கல்வி வட்டாரமாக இருந்தமையால் தப்பியோட இடமில்லை. அத்திட்டம் முப்பதாண்டு நிலைத்தது. வடக்கே பொஸ்டனில் நிகழ்ந்ததோ வேறு. 1974இல் நீதிபதி ஆதர் காரிட்டி இட்ட கட்டளைப்படி, ரொக்ஸ்பரியின் வறிய கறுப்பினப் பிள்ளைகளும் தென் பொஸ்டனின் வறிய வெள்ளையினப் பிள்ளைகளும் இடம் மாறினர். செப்டெம்பர் 12ஆம் நாள், முதல் நாளன்றே, கறுப்பினப் பிள்ளைகள் திரும்பிய பஸ்வண்டிகள்மீது கல்லெறிந்தனர். கல்லெறிந்தவர்களுக்காக நாம் பரிந்து பேசமாட்டோம். ஆனால் அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கவில்லை: வசதிபடைத்தோர் வாழும் புறநகர்களுக்கு ஏன் ஒரு பஸ்ஸும் போகவில்லை? கட்டளையிட்ட நீதிபதி வாழ்ந்ததும் அப்படியொரு புறநகரிலேதான். அதே 1974 ஜூலையில், டிட்ரோயிட் நகர வழக்கிலே, புறநகர் வட்டாரங்களைத் திட்டத்தில் இழுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்த்தது. காசுள்ளோர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் குடிபெயர்ந்தனர். இல்லாதோர் மட்டும் இருதரப்பிலும் பஸ்ஸில் இருந்தனர்.

மற்றொரு சுமையும் உண்டு. அதனை அந்நாட்டாரே அதிகம் பேசுவதில்லை. சேர்த்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினத்தாரின் பள்ளிகள். அவற்றோடு பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியரும் அதிபரும் பதவி இழந்தனர். பிள்ளை புதிய பள்ளிக்குள் நுழைந்தது. அதன் ஆசிரியர் வெளியே நின்றார்.

இத்தனை குறையிருந்தும் பலன் இல்லாமற் போகவில்லை. 1980களின் இறுதியில், முன்னே நூற்றுக்கு இருவராயிருந்த தென் மாநிலக் கணக்கு நாற்பதைக் கடந்தது. பொருளியலறிஞர் ரக்கர் ஜான்சன் அக்காலப் பிள்ளைகளின் வாழ்வை ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்கி 2019இல் நூலாக வெளியிட்டார். சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்வியிலும் வருவாயிலும் உடல்நலத்திலும் உயர்ந்தனர், வெள்ளையினப் பிள்ளைகளுக்கு அதனால் தீங்கு நேரவில்லை என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கட்டளைகளைத் தளர்த்தின; பள்ளிகள் மீண்டும் பிரியத் தொடங்கின.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். அமெரிக்கரைக் குறைகூறிவிட்டுக் கலைந்துபோவதற்காக நாம் இங்கே கூடவில்லை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளை வாங்கில் அமரலாகாது. தரையிலே, சில இடங்களில் கூரைக்கு வெளியிலே, இருந்துதான் பாடம் கேட்கவேண்டும் என்றொரு வழக்கம் இருந்தது. 1930ஐ ஒட்டி, அரச உதவிபெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. உடனே எழுந்த எதிர்ப்பில் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. பணிப்பை மீளப்பெறுமாறு மனுக்கள் பறந்தன. ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிப காங்கிரசாரும் சம ஆசனத்துக்கும் சமபோசனத்துக்கும் துணிந்து நின்றனர் என்பதே அக்காலத்தைப் படிக்கும்போது நமக்குக் கிடைக்கும் ஆறுதல். சாதி காரணமாகப் பள்ளியில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வருவதற்கு 1957 வரை காத்திருக்கவேண்டியிருந்தது: அவ்வாண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அது. ஆளவந்தார் நமக்கு இழைத்த அநீதிகளைப் பட்டியலிடுவோர் இந்த அத்தியாயத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். இதை இழைத்தவர் வேற்றினத்தார் அல்லர்.

நம் மண்ணின் மைந்தர், காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் இவ்விடயத்தில் வழக்காடவில்லை, நடந்துகாட்டினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், அருகேயுள்ள திருவேட்களத்துச் சேரிக்குள் புகுந்து அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். சேரிப் பிள்ளையைப் பல்கலைக்கழக வாசலுக்கு ஏற்றிவராமல், பேராசிரியரே சேரிக்கு நடந்தார். சுமை யார் தோளில் இருக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

வாவிக்கரையில் பிள்ளைகளை ஒருங்கே அமர்த்திய முயற்சிகள் முன்பும் இருந்தன. பட்டினத்து மிஷன் கல்லூரிகளிலே இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் மாணவர் அருகருகே இருந்து படித்தனர். 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரி கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டம் நாட்டுப்புறங்களில் விடுதியோடு கூடிய கல்லூரிகளை எழுப்பியது. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசில் பெற்ற ஏழைப்பிள்ளை, கட்டணமும் உணவுச் செலவும் இல்லாமல் அங்கே தங்கிப் படித்தது. நம் பகுதிக்கு அவ்வாறு வாய்த்தது வந்தாறுமூலை மத்திய கல்லூரி. அதற்காக வி. நல்லையா அவர்கள் உழைத்த உழைப்பை மட்டக்களப்பார் மறக்கவில்லை. அமெரிக்கர் பஸ்ஸைக்கொண்டு செய்ய முனைந்ததை நாம் ஒரு விடுதிக் கட்டிலைக்கொண்டு செய்தோம் எனலாம். அதிலும் ஒரு குறை இருந்தது. தேறிய பிள்ளை ஒன்று விடுதிக்குப் போயிற்று. தேறாத நாற்பது பேர் ஆசிரியரில்லாத அதே கொட்டகையிலே இருந்தனர்.

பிரிவு பெருகிய கதை நீண்டது. நாம் அதன் மூன்று படிகளை மட்டும் சொல்கிறோம்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளுள் பெரும்பாலானவற்றை அரசின் கையிற் சேர்த்தன. அரசின் பள்ளிகள் எல்லார்க்கும் பொதுவாகும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று அரசே வகுத்துப் பெயரிட்டது. இதற்காக முஸ்லிம் மக்களைக் குறைகூறுவது முறையன்று. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறும் என்ற அச்சத்தால் நெடுங்காலம் அவர்கள் ஆங்கிலக் கல்வியில் பின்தங்கினர். தம் நோன்பு மாதத்துக்கு விடுமுறையும், தம் பெண்பிள்ளைகளுக்குத் தம் ஊரிலேயே பள்ளியும், தம்மவர்க்கு ஆசிரியப் பதவியும் வேண்டுமென்று அவர்கள் கேட்டது இயல்பே. அந்தப் பள்ளிகள் இல்லாவிடில் காத்தான்குடியிலும் நிந்தவூரிலும் இன்று காணும் வைத்தியரும் பொறியியலாளரும் தோன்றியிருப்பரோ? பொதுப்பள்ளி என்ற பெயரில் நாம் நடத்திய பள்ளியில் அவர்கள் விருந்தாளியாகவே நடத்தப்பட்டனர் என்று ஒரு முஸ்லிம் நண்பர் கூறினால், மறுக்குமுன் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டாவது படியில் இரத்தம் இருக்கிறது. 1985இல் தொடங்கிய மோதல். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைத் தமிழ் ஆயுததாரிகள் கொன்றது. அடுத்த வாரம் ஏறாவூரில் நடந்தது. செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலையில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேரை அரசபடை கொண்டுசென்றதும் அவர்கள் திரும்பாததும். 9இல் சத்துருக்கொண்டானில் நிகழ்ந்த கொலை. வந்தாறுமூலை வளாகம் எதுவென்று நினைவிருக்கட்டும்: அந்த மத்திய கல்லூரியின் கட்டடங்களிலேதான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஏழைப்பிள்ளைகளை ஒருங்கு சேர்க்க எழுந்த இடத்துக்கு நேர்ந்த கதி அது. அவ்வாண்டுக்குப் பின் எந்தத் தாய் தன் பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பத் துணிவாள்? 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

மூன்றாவது படி ஏட்டிலே நடந்தது. மட்டக்களப்பு மத்தி என்றொரு கல்வி வலயம் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பள்ளிகளை உள்ளடக்கியது. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் இடையே மட்டக்களப்புப் பட்டினமே கிடக்கிறது! நிலத்தால் தொடராத ஊர்களைச் சமூகத்தால் தொடுத்த வலயம் அது. காத்தான்குடி அதிபருக்கும் ஆரையம்பதி அதிபருக்கும் இடையே ஒரு தெருவின் தூரம். அவர்தம் கோப்புகள் போகும் காரியாலயங்களோ வேறு வேறு. அமெரிக்க எல்லைக்கோடுகளை நினைத்துப் பாருங்கள்.

இவற்றோடு வாவி பிரித்த பிரிவும் உண்டு. 1990 முதல் 2007 வரை பெரும்பாலும் இரு கரையும் இரு வேறு ஆயுதக் கட்டுப்பாட்டில் இருந்தன. மண்முனைத் துறையில் ஆசிரியர் சோதனைச் சாவடியைக் கடந்து, பாதையேறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போய்வந்த நாட்களை இங்குள்ளோர் பலர் அறிவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். பாலம் இருவழிப் பாதை என்பர். காலையில் அதனருகே நின்று பாருங்கள்: உயர்தர விஞ்ஞானம் படிக்கும் படுவான்கரைப் பிள்ளை கிழக்கே போகிறது, படுவான்கரைக்கு நியமனம் பெற்ற ஆசிரியர் மேற்கே போய், முதல் வாய்ப்பிலேயே இடமாற்றம் பெற்றுக் கிழக்கே திரும்புகிறார். படிக்கவேண்டி எழுவான்கரைப் பிள்ளை மேற்கே போவதில்லை. 2005இல் தொடங்கிய பாடசாலைப் பஸ்சேவையும் பருவச்சீட்டுச் சலுகையும் நமக்கு வேண்டியவையே. ஆனால் போகும் பிள்ளையின் சிரமத்தைக் குறைக்கும் உதவிகள் அவை. ஒரு கரைப் பிள்ளை மட்டும் ஏன் போகவேண்டும் என்று அவை கேட்பதில்லை. மாரி வெள்ளத்தில் வட்டைவழி மூழ்கும்போது பஸ்ஸும் நின்றுவிடும்.

இப்போது நம் எண்ணத்தைச் சொல்கிறோம். நீதிமன்றக் கட்டளையால் காத்தான்குடிப் பிள்ளையை ஆரையம்பதிக்கும் ஆரையம்பதிப் பிள்ளையைக் காத்தான்குடிக்கும் பஸ்ஸேற்றுவதை நாம் கேட்கவில்லை. 1990ஐக் கண்ட ஊர்களில் அப்படியொரு கட்டளை கல்லெறியையே விளைக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகளின் ஊர்ப்பள்ளி ஊரிலேயே இருக்கட்டும். எந்தப் பள்ளியையும் மூடவேண்டாம். எந்த அதிபர் பதவியையும் குறைக்கவேண்டாம். கறுப்பின ஆசிரியருக்கு நேர்ந்தது நம் ஆசிரியர் எவருக்கும் நேரலாகாது. நேருமென்ற ஐயம் எழுந்தாலே இரு சமூகத்து ஆசிரியரும் இதை எதிர்ப்பர், எதிர்ப்பது நியாயமாகவும் இருக்கும்.

உயர்தர வகுப்பிலிருந்து தொடங்கலாம். பௌதிகத்துக்கு ஆசிரியர் ஒரு பள்ளியில் இருப்பார். ஆய்வுகூடம் அடுத்த ஊர்ப்பள்ளியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நடக்கும் தூரம். பௌதிக வகுப்பு ஒரு பள்ளியிலும் இரசாயன வகுப்பு மற்றதிலும் நடக்கட்டும். இரு ஊர்ப் பிள்ளைகளும் நடக்கட்டும். ஒரு சாரார் மட்டும் நடந்தால் அது உதவி. இரு சாராரும் நடந்தால்தான் அது கூட்டு. நோன்பு மாதத்திலும் வெள்ளித் தொழுகை நேரத்திலும் வகுப்பு நேரத்தை மாற்றுவது ஆகாத காரியமன்று. உடையைப் பற்றி எவரும் எவருக்கும் கட்டளையிடலாகாது. 2018இல் திருகோணமலை மகளிர் கல்லூரியொன்றிலே முஸ்லிம் ஆசிரியைகளின் உடையைக் குறித்து எழுந்த பிணக்கு இரு சமூகத்தையும் எத்தனை தூரம் கொண்டுசென்றது என்பதைக் கண்டோம். ஆசிரியை ஒருவர் நன்றாகக் கற்பிக்கிறாரா என்பதே பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி.

படுவான்கரைக்கோ, பஸ் மறுதிசையில் ஓடவேண்டும். பிள்ளையை ஏற்றுமுன் ஆசிரியரை ஏற்றுங்கள். காலை மணி அடிக்குமுன் கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் ஆசிரியரை இறக்கும் வண்டியும், தங்க விரும்புவோர்க்கு விடுதியும் இருந்தால், ஒரு பிள்ளை கிழக்கே போகும் செலவில் ஒரு வகுப்பே மேற்கில் நடக்கும். தமிழாசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும் அதே வண்டியில் ஏறுவர். இதற்குப் பணம் எங்கே என்பீர்கள். பணம் வேண்டும்தான், ஆனால் முதலில் வேண்டியது இரு வலயத்து அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்வது. அதற்குப் பணம் வேண்டியதில்லை.

பெற்றோர் அஞ்சுவர் என்பது உண்மை. கிளாரண்டன் பெற்றோரும் அஞ்சினர். கடன் மறுக்கப்பட்ட பின்னும் பெயரெழுதிக் கொடுத்தனர். நம்மை எவரும் வீடு எரிப்பதாக மிரட்டவில்லை. அரிசி ஆலையிலும் சந்தையிலும் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுக்கும் நாம், பிள்ளையை அடுத்த ஊர் வகுப்பில் இரண்டு மணி நேரம் இருத்துவதற்கு நம்ப மறுப்பது ஏன் என்று அவரவர் தம்மையே கேட்டுப் பார்க்கட்டும்.

கூட்டம் கலையுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்தடுத்த இரு ஊர்களைத் தெரிந்துகொள்வோம். இரு பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கத்தாரும் ஒரு மாலை ஒன்றாகக் கூடி, எந்தப் பாடத்துக்கு எங்கே ஆசிரியர் இல்லை, எங்கே ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். முதற் கூட்டம் அவர்கள் பள்ளியில். இரண்டாவது நம் பள்ளியில். மாரி தொடங்குமுன் அந்தத் தாளை இரு வலயப் பணிப்பாளரிடமும் நேரிற் கொண்டுபோய்க் கொடுக்க எவரெவர் வருகிறீர்கள் என்பதை இப்போதே செயலாளரிடம் பெயர் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.